முற்பகலில் மறையும் எரிமலை

பாய்மரக் கட்டுமரங்களே மீன்பிடித் தொழிலைச் சுமந்த காலத்தில் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களின் மீனவர்கள், தரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றைப் பாயில் பிடித்துக்கொண்டு விடிவதற்கு வெகுநேரம் முன்பே புறப்பட்டு, நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும் காற்றில் வீடு வந்து சேர்ந்தனர். விசைப்படகுகள் வந்தபின் தொழிலுக்குக் காற்றின் தயவு அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்றாலும், மே மாதத்து உச்சி வெயிலில் கடற்காற்று எப்போது திரும்பும் என்று வடசென்னையின் ஒவ்வொரு தெருவும் இன்றும் காத்திருக்கிறது. இங்கிருந்து தென்மேற்கே 4,600 கி.மீ.க்கும் சற்று அதிகமான தொலைவில், இந்தியப் பெருங்கடலின் நடுவே நிற்கும் ரீயூனியன் தீவின் எரிமலையைக் காணச் செல்வோருக்கும் இதையொத்த நேர ஒழுங்கு ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது. விடியலுக்கு முன் புறப்பட்டால் எரிமலையின் முழு உருவையும் காணலாம். காலை உணவை முடித்து நிதானமாகச் சென்றால், பத்து அல்லது பதினொரு மணியளவில் மலையை மூடிவிடும் மேகத்தை மட்டுமே காணலாம். கடலுக்குப் போகிறவரும் மலைக்குப் போகிறவரும் ஏன் ஒரே வேளையில் கண்விழிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் புதிர்.

ரீயூனியன் பிரான்சு நாட்டின் ஆட்சிக்குட்பட்ட தீவு; மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தொலைவில், 2,512 சதுர கி.மீ. பரப்பில் அமைந்தது. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களின் ஆள் தேவையை நிறைவுசெய்யப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1860-ஆம் ஆண்டின் ஆங்கிலேய–பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பெருந்தொகையில் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் தமிழைப் பெரும்பாலும் இழந்துவிட்டபோதிலும், தீமிதியையும் காவடியையும் இன்றுவரை விடாமல் காத்துவருகின்றனர். அவர்களுடைய முன்னோர் உழைத்த கரும்புக் கொல்லைகள் தீவின் தாழ்ந்த கரையோரத்தில் இருக்க, தீவின் நடுப்பகுதியோ செங்குத்தாக எழுந்து இரண்டு பெரும் எரிமலைகளாக நிற்கிறது. ஒன்று, ‘பனி முகடு’ என்று பொருள்படும் பித்தோன் தெ நெய்ஜ். சுமார் 3,070 மீட்டர் உயரமுள்ள இது பல்லாயிரம் ஆண்டுகளாக உறங்குகிறது. மற்றொன்று, ‘உலை முகடு’ என்று பொருள்படும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ். 2,632 மீட்டர் உயரமுள்ள இது பதினேழாம் நூற்றாண்டிலிருந்து 150 முறைக்கு மேல் குழம்பைக் கக்கியதாகப் பதிவு உள்ளது. தீவின் ஐந்தில் இரண்டு பங்கை உள்ளடக்கிய தேசியப் பூங்கா 2007 மார்ச்சில் நிறுவப்பட்டு, 2010-இல் அதன் முகடுகளும் செங்குத்துச் சுவர்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

பயணத் திட்டம் என்றதும் விமானச் சீட்டும் விடுதியும்தான் முதலில் நினைவுக்கு வரும். உயர்ந்த எரிமலை ஒன்றைப் பொறுத்தவரை முதலில் கணக்கிட வேண்டியது காற்று. இந்திய ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் சில மீட்டர்களாகவோ சில நூறு மீட்டர்களாகவோ எழுதப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். அந்த எண் தரையின் உயரத்தைச் சொல்வதோடு நிற்பதில்லை. தலைக்கு மேல் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதையும் மறைமுகமாகச் சொல்கிறது. நீரில் மூழ்குபவர் ஆழம் செல்லச் செல்ல அழுத்தம் கூடுவதைக் காதுகளில் உணர்வதுபோல, மனிதர் அனைவரும் காற்றாலான ஒரு கடலின் அடியில் வாழ்கின்றனர் என்று இத்தாலிய அறிஞர் டொரிசெல்லி 1644-இல் விளக்கினார். கடற்கரையில் ஒரு சதுர மீட்டர் தரையின்மேல் நிற்கும் காற்றின் எடை ஏறத்தாழ பத்து டன். ஒரு நடுத்தர லாரியில் ஏற்றும் சுமைக்கு நிகர். அது எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக அழுத்துவதாலும், உடலுக்குள் இருக்கும் காற்றும் நீர்மங்களும் அதே அழுத்தத்தில் எதிர்த்து நிற்பதாலும் நாம் நசுங்குவதில்லை.

மலையேறினால் இச்சுமை குறையும் என்பது முதன்முதலாக மெய்ப்பிக்கப்பட்டதும் ஓர் எரிமலையின்மேல்தான். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி, அவருடைய மைத்துனர் ஃபுளோரன் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைச் சுமந்துகொண்டு, நடுப் பிரான்சில் உள்ள 1,465 மீட்டர் உயரமான பியூய் தெ தோம் மலையில் ஏறினார். அடிவாரத்து நகரான கிளர்மோனில் நின்ற மட்டத்தைவிட உச்சியில் பாதரசம் எட்டு செ.மீ.க்கும் சற்று அதிகமாக இறங்கியிருந்தது. இச்சோதனையின் அழகு அந்த எட்டு செ.மீ.யைவிட வேறொன்றில் இருக்கிறது. அடிவாரத்து மடாலயத் தோட்டத்தில் இன்னொரு குழாயை நிறுத்தி, ஒரு துறவியை நாள் முழுவதும் அதைக் கவனிக்கச் செய்திருந்தார் பெரியே. அக்குழாயில் மட்டம் சிறிதும் மாறவில்லை. ஆகவே மாற்றத்துக்குக் காரணம் அன்றைய வானிலை அன்று, உயரமே என்பது ஐயமின்றி உறுதியாயிற்று. ஒப்பிடுவதற்கென ஒன்றை மாறாமல் வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை அறிவியலில் ‘கட்டுப்பாட்டுச் சோதனை’ என்பர். அவர் ஏறிய மலை அணைந்துபோன எரிமலை என்பது அப்போது எவருக்கும் தெரியாது; அதற்குப்பின் நூறாண்டுகள் கழித்தே அது கண்டறியப்பட்டது.

உலை முகட்டைப் பார்க்க வருவோர் வண்டியை நிறுத்தும் பா தெ பெல்கோம்ப் என்னும் விளிம்பு 2,311 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கே. காற்றில் உயிர்வளியின் விகிதம் அங்கும் நூற்றுக்கு 21 தான் என்றாலும், ஒரு மூச்சில் உள்ளே வரும் காற்றே குறைவாதலால் கிடைக்கும் உயிர்வளியும் முக்காலாகச் சுருங்குகிறது. கடற்கரையில் கட்டிய பிஸ்கட் பொட்டலம் அங்கே உப்பி நிற்கும். தண்ணீர் 100 பாகையை எட்டாமல் 92 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரம் பிடிக்கும். உயர நோய் எனப்படும் தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் சிலரை வருத்தத் தொடங்கும் என்பதால் விளிம்போடு திரும்புவோர் அஞ்ச வேண்டியதில்லை. பனி முகட்டின் உச்சிக்கு ஏற நினைப்போரும் இதய, நுரையீரல் நோயுள்ளோரும் முன்னரே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

குளிர் இதைவிடப் பெரிய செய்தி. மலையுச்சி சூரியனுக்கு அருகில் இருந்தும் ஏன் குளிர்கிறது என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பது மிகச் சரியான கேள்வி. சூரியன் 15 கோடி கி.மீ. தொலைவில் இருக்கையில் இரண்டு மூன்று கி.மீ. நெருங்குவதால் எதுவும் மாறாது என்பது விடையின் முதற்பாதி. வெயில் காற்றை நேரடியாக அவ்வளவாகச் சூடாக்குவதில்லை, தரையைச் சூடாக்குகிறது, தரைதான் தன்னைத் தொடும் காற்றைச் சூடாக்குகிறது என்பது இரண்டாம் பாதியின் தொடக்கம். அப்படிச் சூடேறிய காற்று மேலே எழும்போது, சுற்றிலும் அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிவதற்குத் தன்னைச் சூழ்ந்த காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளும் வேலைக்குத் தன் வெப்பத்தையே செலவிடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையின் பஞ்சர் கடைகளில் லாரி டயரின் வால்வைத் திறந்துவிடும்போது பீறிடும் காற்று விரலில் சில்லென்று படுவதும், அதே டயருக்குக் கையால் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதும் இவ்விதியின் இரு முகங்கள். வெளியிலிருந்து வெப்பம் பெறாமலும் வெளியே கொடாமலும், விரிவதாலும் சுருங்குவதாலும் மட்டுமே நேரும் இம்மாற்றத்தை ‘வெப்பப் பரிமாற்றமற்ற மாற்றம்’ எனலாம். உலர்ந்த காற்று இவ்வகையில் ஒவ்வொரு கி.மீ. எழுச்சிக்கும் ஏறத்தாழ 10 பாகை குளிர்கிறது. வளிமண்டலத்தின் சராசரி 6.5 பாகை. கரையில் 26 பாகை இருக்கும் மே மாதப் பகலில் பெல்கோம்ப் விளிம்பில் 11 பாகையும், மெல்லிய காற்று வெப்பத்தைப் பிடித்துவைக்க முடியாத பின்னிரவில் அதில் பாதியும் இருக்கலாம். வெயிலோ எதிர்த்திசையில் கடுமையாகிறது. மேலே செல்லச் செல்ல வடிகட்டும் காற்று குறைவதால், புற ஊதாக் கதிர்கள் ஒவ்வொரு கி.மீ.க்கும் பத்து விழுக்காடு அளவில் மிகுகின்றன. கம்பளியும் தொப்பியும் ஒரே பையில் செல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

இனி மேகத்தின் கதை. பகலில் தரை விரைவாகச் சூடேறுகிறது. கடலோ ஆழமாகவும் ஓயாமல் கலங்கிக்கொண்டும் இருப்பதால் அதே வெயிலைப் பெற்றும் மெல்லவே சூடேறுகிறது. தரைமேல் சூடான காற்று எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருந்த குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் தரை விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் ஓட்டம் திரும்புகிறது. இராயபுரத்துக் கட்டுமரங்களை அனுப்பியதும் அழைத்ததும் இந்த இருவழி ஓட்டமே. வடசென்னையில் தரை தட்டையாக இருப்பதால் கடற்காற்று கரையைத் தாண்டி உள்நாட்டை நோக்கிக் கிடைமட்டமாகப் படர்கிறது. ரீயூனியனிலோ கரையிலிருந்தே மலை எழுகிறது. வெயில் பட்ட சரிவு, அதே உயரத்தில் வெட்டவெளியில் மிதக்கும் காற்றைவிட வெப்பமாகிவிடுவதால், சரிவை ஒட்டிய காற்று புகைபோக்கிக்குள் புகை ஏறுவதுபோல் மலையோடு ஏறுகிறது. கீழே தொடங்கும் கடற்காற்றும் அதனோடு சேர்ந்து, கடலின் ஈரத்தை மூட்டைகட்டி மேலே சுமந்து செல்கிறது. ஏற ஏறக் குளிரும் காற்றால் தன் ஈரம் முழுவதையும் ஆவியாகவே வைத்திருக்க முடிவதில்லை. குளிர்ந்த மோர்க்குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஓர் உயரத்தை எட்டியதும் ஆவி நுண்துளிகளாகிவிடுகிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு அது மேகம், அதனுள் நிற்பவருக்கு மூடுபனி. காலை எட்டு மணிக்குச் சரிவின் நடுவில் வெண்கீற்றாகத் தோன்றுவது பத்து மணிக்கு விளிம்பை எட்டுகிறது.

எனினும் மேகம் விரும்பிய உயரத்துக்கெல்லாம் ஏறிவிடுவதில்லை; அதன்மேல் ஒரு மூடி இருக்கிறது. மூடியை விளங்கிக்கொள்ள வடசென்னைக்காரர் போகிப் பண்டிகையின் விடியற்காலையை நினைவுகூர்ந்தால் போதும். பழைய பொருள்களை எரித்த புகை மேலே போகாமல் கூரைகளுக்குச் சற்று மேலேயே படலமாகத் தேங்கி, விமானங்களைத் தாமதிக்கச் செய்கிறது. காற்றுக்குப் பொதுவான வழக்கம் கீழே சூடும் மேலே குளிருமாக இருப்பது. மார்கழி இரவில் தரை குளிர்ந்து தன்னை ஒட்டிய காற்றையும் குளிரவைப்பதால், கீழே குளிர்ந்த கனமான காற்றும் மேலே வெப்பமான இலேசான காற்றும் அடுக்காகிவிடுகின்றன. எண்ணெய்க்குக் கீழே தங்கிவிட்ட நீர் தானாக மேலே வராததுபோல், கீழ்க்காற்று அடைபட்டுப்போகிறது. இதற்கு ‘வெப்பநிலைத் தலைகீழ் அடுக்கு’ என்று பெயர். போகியன்று அது சில நூறு மீட்டரில் உருவாகி வெயில் ஏறியதும் கலைந்துவிடும். ரீயூனியனின் மூடி வேறு வகையில் உருவாவது. நிலநடுக்கோட்டருகே எழுந்த காற்று, உயரத்தில் வடக்கும் தெற்கும் விலகிச் சென்று, ரீயூனியன் அமைந்த அட்சரேகைகளில் மெல்லக் கீழிறங்குகிறது. இறங்கும்போது அமுக்கப்பட்டு, காற்றடிக்கும் பம்பைப்போலச் சூடாகிறது. கடல்மேல் நிலையாக வீசும் ஈரமான வியாபாரக் காற்றின்மேல் இந்த உலர்ந்த வெப்பக் காற்று வந்து படியும் இடமே மூடி. அது பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பெல்கோம்ப் விளிம்பு ஏறத்தாழ அம்மூடியின் கீழ்த்தளத்திலேயே அமைந்துவிட்டதால், மூடி சற்று இறங்கிய நாளில் அங்கு நிற்பவர் மேகக் கடலை மேலிருந்து காண்கிறார். சற்று ஏறிய நாளில் அதே இடத்தில் நின்று தம் கையைத் தவிர வேறொன்றையும் காண்பதில்லை. 3,070 மீட்டர் உயரத்துப் பனி முகடு பெரும்பாலான நாள்களில் மூடியைத் துளைத்துக்கொண்டு மேலே நிற்கிறது.

இம்மூடியை முதலில் அளந்தவர் வானிலையாளர் அல்லர், வானியலாளர். ஸ்காட்லாந்தின் அரசு வானியலாளரான சார்லஸ் பியாசி ஸ்மித், இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்ட அதே 1856-இல், மேகங்களுக்கு மேலே தொலைநோக்கியை நிறுத்தினால் விண்மீன்கள் தெளிவாகத் தெரியுமா என்று சோதிப்பதற்காக, அட்லாண்டிக் பெருங்கடலின் டெனெரிஃப் தீவில் உள்ள எரிமலைச் சரிவுகளில் முகாமிட்டார். ஏறும் வழியெங்கும் வெப்பமானிகளைப் படித்துக்கொண்டே சென்ற அவர், குளிர்ந்துகொண்டே வந்த காற்று மேகத்தின் மேற்பரப்பைக் கடந்ததும் திடீரென வெப்பமாகவும் வறண்டும் மாறுவதைக் கண்டார். இன்று அதே அளவீட்டை மலையேறாமலே செய்யமுடிகிறது. மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை அனுப்பும் ஹைட்ரஜன் பலூன்கள் வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் சிறு பெட்டியைச் சுமந்துசென்று வானொலி வழியே எண்களை அனுப்புகின்றன. உலகெங்கும் ஒரே கணத்தில், இந்திய நேரப்படி விடியற்காலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்குமான நிலையைக் காட்டுமாறு இப்பலூன்கள் விடப்படுவதால், மூடி எங்கே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வரைபடத்தில் தெரிந்துவிடுகிறது. ரீயூனியனில் 2,160 மீட்டர் உயரத்தில், மைதோ என்னும் இடத்தில் 2012-இல் திறக்கப்பட்ட வளிமண்டல ஆய்வகம் இன்னொரு சான்று. பகலில் கடற்காற்று கரையின் ஈரத்தையும் மாசையும் அங்கே கொண்டுவருகிறது. இரவில் காற்று மலையிறங்கியதும், ஆய்வகம் மூடிக்கு மேலுள்ள தூய காற்றுக்குள் அமர்ந்துவிடுகிறது. ஒரே இடம் ஒரு நாளுக்குள் இரண்டு வெவ்வேறு வானங்களில் நிற்பதை அதன் கருவிகள் பதிவுசெய்கின்றன.

மூடியே இல்லாத நாள்களும் உண்டு. அவற்றைத் தவிர்ப்பதுதான் பயண மாதத்தைத் தேர்வதன் முழுப் பொருள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே கோடையும் புயல் பருவமும் ஒன்றாக வருகின்றன. புயலின் சுழற்காற்று ஈரக் காற்றை மலைச்சரிவின்மேல் வலிந்து ஏற்றும்போது, ஏறிய காற்று குளிர்ந்து, குளிர்ந்த ஆவி துளியாகி, ஆவி துளியாகும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் அக்காற்றை மேலும் எழவைத்து, மழை தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. உலை முகட்டின் பகுதியில் உள்ள ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 1966 ஜனவரி 7, 8 தேதிகளில் 24 மணி நேரத்தில் 182.5 செ.மீ. மழை பெய்தது. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழை சராசரியாக 140 செ.மீ. என்பதையும், நகரையே மூழ்கடித்த 2015 டிசம்பர் 1-ஆம் தேதிப் பெருமழையில் தாம்பரம் பெற்றது 49 செ.மீ. என்பதையும் அருகில் வைத்துப் பார்த்தாலன்றி இவ்வெண் மனத்தில் பதியாது. 2007 பிப்ரவரி இறுதியில் கமேத் புயலின்போது அதே எரிமலையின் கொமர்சோன் பள்ளத்தில் மூன்று நாளில் 393 செ.மீ. பெய்தது. உலக வானிலை அமைப்பின் பட்டியலில் 24 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் உரிய உலக உச்சங்கள் இவையே. இடையிலுள்ள 48 மணி நேர உச்சம் 1995-இல் சிரபுஞ்சி பெற்றது. மே முதல் அக்டோபர் வரையான குளிர்காலத்தில் புயல் இல்லை, மூடியும் உறுதியாக இருக்கிறது. சென்னையின் பள்ளி விடுமுறை அதன் தொடக்கத்தோடு பொருந்துவது நல்வாய்ப்பு.

காற்றைக் கணக்கிட்டபின் கணக்கிட வேண்டியது தரை. உலை முகட்டின் குழம்பு கருங்கல் வகைகளில் சிலிகா குறைந்த பசால்ட். பிசுபிசுப்பு குறைவாதலால் உள்ளிருக்கும் வாயுக்கள் எளிதில் வெளியேறிவிடுகின்றன. கெட்டியான கூழ் கொதிக்கும்போது வெடித்துத் தெறிப்பதற்கும் நீர்த்த கஞ்சி பொங்கி வழிவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே பொருந்தும். இவ்வெரிமலை பெரும்பாலும் வழியும் வகையினது. அதனால்தான் மக்கள் அதன் விளிம்புவரை செல்ல இயல்கிறது. பெல்கோம்ப் விளிம்பிலிருந்து செங்குத்தாக இறங்கும் சுவருக்கு அப்பால் கிடக்கும், ஏறத்தாழ எட்டு கி.மீ. அகன்ற பெருங்குழியைப் புவியியலார் ‘கால்டெரா’ என்பர்; அடியிலிருந்த குழம்பு வெளியேறித் தாங்கல் இழந்த தரை உள்வாங்குவதால் அமையும் பள்ளம் அது. பெரும்பாலான வெடிப்புகள் அதற்குள்ளேயே நிகழ்ந்து, குழம்பு கிழக்கே திறந்த வாயில் வழியாகக் கடலை நோக்கி ஓடுகிறது. 1977 ஏப்ரலில் பிளவு பெருங்குழிக்கு வெளியே திறந்து, பித்தோன் சேன்த்-ரோஸ் ஊருக்குள் குழம்பு புகுந்தது. வீடுகளை அழித்த ஓடை அவ்வூரின் தேவாலய வாசலைத் தொட்டுப் பிரிந்து நின்றுவிட்டது. அந்த அதிர்ச்சியின் விளைவாகவே 1979-இல் எரிமலை ஆய்வகம் நிறுவப்பட்டது.

எரிமலை எழப்போவதை ஆய்வகம் எவ்வாறு அறிகிறது? குழம்பு மேலேறும்போது பாறையைப் பிளந்துகொண்டுதான் வரவேண்டும். ஒவ்வொரு சிறு பிளவும் ஒரு சிறு நிலநடுக்கம். மனிதர் உணராத அவற்றை நில அதிர்வுமானிகள் உணர்கின்றன. பாறை உடையும் தனித்தனி அதிர்வுகள் மிகுந்துகொண்டே சென்று, பின்னர் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் செல்லும் சாலையோரத்து வீட்டுச் சன்னல் நடுங்குவதுபோன்ற தொடர் நடுக்கமாக மாறினால், குழம்பு தரையை எட்டிவிட்டது என்று பொருள். கூடவே மலை, எண்ணெயில் இட்ட பூரியைப்போல் மிகச் சிறிதளவு உப்புகிறது. ஒரு கி.மீ. நீளமுள்ள பலகையின் ஒரு முனைக்கடியில் ஒரு நாணயத்தைச் செருகினால் ஏற்படும் சாய்வைக்கூடச் சாய்வுமானிகள் காட்டிவிடும். செயற்கைக்கோள் நிலைகாணிகள் விளிம்புகள் ஒன்றையொன்று விட்டு விலகுவதைச் செ.மீ. கணக்கில் சொல்கின்றன. இவற்றைக் கொண்டு அரசு எச்சரிக்கை விடுத்ததும் பெருங்குழிக்குள் இறங்கும் வாயிற்கதவு பூட்டப்படுகிறது. முதல் அதிர்வுத் திரளுக்கும் குழம்பு வெளிப்படுவதற்கும் இடையே சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை மட்டுமே கிடைப்பதுண்டு. ஆகவே பூட்டிய கதவைச் சுற்றிவந்து உள்ளே இறங்குவது துணிச்சலாகாது. 2007 ஏப்ரலில், பூங்கா நிறுவப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்தபோது, கீழே பெருமளவு குழம்பு வழிந்து சென்றதால் உச்சியிலுள்ள தொலொமியூ பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளிறங்கியது. அதற்கு முந்திய வாரம் அங்கே இருந்த தரை இன்று இல்லை.

குழம்போடு வரும் வாயுக்களில் கந்தக டை ஆக்சைடு என்னும் பெயர், நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கும் ஆலைகளின் அருகே வாழும் எண்ணூர், மணலி மக்களுக்குப் புதிதன்று. மூச்சுக்குழலைச் சுருக்கும் அவ்வாயு, வெடிப்பு நாள்களில் காற்று வீசும் திசையில் பல கி.மீ. பரவக்கூடியதாதலால், ஆஸ்துமா உள்ளோர் அன்றைய காற்றுத் திசையை அறிந்தே புறப்பட வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கும் பழக்கத்தை வடசென்னை மக்கள் தம் வாழ்விலேயே, அதிக விலை கொடுத்துக் கற்றிருக்கின்றனர்.

இவ்வெரிமலையின் அடியிலிருக்கும் வெப்பம் இந்தியாவுக்கு அயலானதன்று. தையல் இயந்திரத்தின் ஊசி ஓரிடத்திலேயே ஏறி இறங்க, துணி நகர்ந்துகொண்டே இருப்பதால் தையல் வரிசையாக விழுகிறது. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் பீறிடும் ஓரிடத்தை ‘வெப்பப்புள்ளி’ என்பர். அது ஊசி, மேலே நகரும் நிலத்தட்டு துணி. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா தென் அரைக்கோளத்தில் இருந்தபோது, இந்த ஊசி மேற்கு இந்தியாவின் அடியில் இருந்தது. மகாராட்டிரத்தின் படிப்படியான கரும்பாறை மலைகள் அன்று வழிந்த குழம்பின் அடுக்குகள். இந்தியா வடக்கே நகர்ந்தபின் விழுந்த தையல்களே இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் வழியாகச் செல்லும் கடலடி மலைத்தொடர். இடையில் நடுக்கடல் முகடு ஒன்று ஊசியைக் கடந்துவிட்டதால், இன்று ரீயூனியன் ஆப்பிரிக்கத் தட்டின்மேல் இருக்கிறது. ஊசியும் முற்றிலும் அசையாதது அன்று, மெல்ல நகர்வதுண்டு என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டுகின்றன.

இது வெறும் ஊகம் அன்று. 1987-இல் கடலடித் துளைப்புக் கப்பல் ஒன்று இத்தொடரின் பல இடங்களில் பாறையை எடுத்துவந்தது. பசால்டில் உள்ள பொட்டாசியத்தின் ஒரு வகை மிக மெல்ல, மாறாத வேகத்தில் ஆர்கான் வாயுவாக மாறுகிறது. பாறை குழம்பாக இருக்கும்போது ஆர்கான் தப்பிவிடும்; உறைந்தபின் உள்ளேயே சிறைப்படும். தினமும் ஒரே அளவு காசு விழும் பூட்டிய உண்டியலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணினால் அது எப்போது பூட்டப்பட்டது என்று தெரிந்துவிடுவதுபோல, சேர்ந்த ஆர்கானிலிருந்து பாறையின் வயது தெரிகிறது. மாலத்தீவருகே 5.7 கோடி, சாகோஸ் அருகே 4.9 கோடி, மொரீஷியஸின் பழம்பாறைகளில் ஒரு கோடிக்கும் குறைவு, ரீயூனியனின் நிலப்பரப்பில் கிடைத்த மிகப் பழைய பாறையில் ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டு என்று வயது தெற்கே வரவரக் குறைகிறது. சென்னையின் பல்லாவரத்துக் கருங்கல் பூமியின் ஆழத்தில் நெடுங்காலம் வெந்து உருவான பெருமணிப் பாறை; பெல்கோம்பில் காலடியில் நொறுங்குவதோ, வாயுக்குமிழ்கள் வெளியேறிய துளைகள் இன்னும் திறந்திருக்கும் நேற்றைய பாறை. இரண்டையும் உள்ளங்கைகளில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைப்போர் அதைத் தவறவிடக்கூடாது. பூங்காவுக்குள் இருக்கும் கல்லைப் பார்த்தபின் அது இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி.

ஆகவே திட்டம் இவ்வாறு அமைகிறது. முந்தைய இரவை, 1,500 மீட்டருக்கும் உயரமான பூர்-முரா ஊரில் கழித்து, உடலையும் சற்றுப் பழக்கிக்கொண்டு, எச்சரிக்கை நிலையைப் பார்த்தபின் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். மணல் சமவெளி எனப்படும் செந்நிறப் பொட்டலைக் கடந்து முக்கால் மணி நேரத்தில் விளிம்பை அடைந்தால், சூரியன் எழும்போது பெருங்குழி முழுவதும் திறந்து கிடக்கும். கதவு திறந்திருக்கும் நாளில் சுவரில் வெட்டிய படிகளில் இறங்கி, குழியானைப் பூச்சி மணலில் பறிக்கும் புனல் வடிவக் குழியை நினைவூட்டுவதால் அப்பூச்சியின் பெயரையே பெற்ற ஃபோர்மிகா லியோ என்னும் சிறு கூம்பைச் சுற்றிவரலாம். உச்சிப் பள்ளத்தின் விளிம்புவரை போய்வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். எப்படியாயினும் ஏறும் வழியில் ஒவ்வொரு மணிக்கும் கிழக்கே திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே முதலில் ஒரு வெண்கோடு, பின் ஒரு சுவர், பின் காலடியை நோக்கி வரும் ஈரம். ரீயூனியனின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே பத்தரை மணிக்கு மேகம் பெல்கோம்ப் விளிம்பில் ஏறி எரிமலையை மூடும்போது, இராயபுரத்தில் மணி பன்னிரண்டு. காசிமேட்டுத் துறைமுகத்தில் கட்டிய படகுகளின் கொடிகள் திசைமாறிக் கரைப்பக்கம் அடிக்கத் தொடங்குகின்றன.